கண்ணியும் பிணையும்

1

ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். விளையாட்டுக்கெல்லாம் இத்தனை விசாரம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நம்முடைய இலக்கிய விமர்சனத்தில் கணிசமான பகுதி இந்த விளையாட்டின் விதிகளின்படியே நடந்துவருகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விதி எளிமையானது. கூடியிருப்பவர்களில் ஒருவர் ஒரு தகவலைச் சொல்கிறார். அடுத்தவர் அதிலுள்ள ஒரு பெயரையோ எண்ணையோ ஊரையோ பொருளையோ பிடித்துக்கொண்டு வேறொரு தகவலைச் சொல்ல வேண்டும். தகவல் உண்மையாக இருக்க வேண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் அந்த ஒரு பிடியைத் தவிர வேறு சம்பந்தம் இருக்கக் கூடாது. எவ்வளவு தொலைவில் போய் விழுகிறதோ அவ்வளவுக்குச் சிலாக்கியம். பாட்டின் கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாக்ஷரிக்கு, கொஞ்சம் படித்துவிட்ட ஒரு தம்பி என்று இதைச் சொல்லலாம்.

கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் (அங்கே ஊர்த்தொகுதிகளை இன்றும் நாடு என்றே சொல்கிறார்கள்) கடன் மனுக்களின் பொருட்டுத் தங்க நேர்ந்த சில இரவுகளில் இதை ஆடியிருக்கிறோம். ஆசிரியர்கள் இருவர், ரெவின்யூ இலாகாக்காரர் ஒருவர், உள்ளூர் விவசாயி ஒருவர், பிறகு நான். அங்கே ஓடிய சங்கிலிகளில் ஒன்றைத் தருகிறேன்.

காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்று ஒருவர் ஆரம்பித்தார். எழுபதைப் பிடித்துக்கொண்டு, உழவைப் பற்றிய ஏரெழுபது கம்பர் பெயரில் வழங்குகிறது என்றார் அடுத்தவர். கம்பர் பெயரில் சடகோபர் அந்தாதியும் இருக்கிறது என்றார் மூன்றாமவர். சடகோபரான நம்மாழ்வார் ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் அமர்ந்திருந்தார் என்பது ஐதீகம். புளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்தது. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாதான் காப்பிச் செடிக்கும் பூர்வீகம். அந்தக் காப்பி இப்போது கொல்லிமலையில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் விளைகிறது. ஏழாவது அடியில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம். போதாக்குறைக்கு, நாம் உட்கார்ந்திருக்கும் நாட்டின் பெயரிலேயே புளி இருக்கிறதே என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அந்தப் புளி மரத்துப் புளிதானா என்று விளையாட்டு கேட்பதில்லை. ஓசை பொருந்தினால் போதும்.

இதில் கிடைக்கும் சந்தோஷம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மலைச்சாலையும் ஆழ்வாரும் எத்தியோப்பியாவும் ஒரே வீட்டு மனிதர்கள் போல ஒரு திண்ணையில் வந்து உட்காரும்போது, உலகம் சிதறிக் கிடக்கவில்லை என்ற ஆறுதல் ஒரு கணம் ஏற்படுகிறது. கவிதையில் உவமை தரும் அதிர்ச்சிக்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் கணம் கழிந்த பின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஏழு தகவல்களும் உண்மை. ஏழையும் சேர்த்த மொத்தம் எதைச் சொல்கிறது? எதையும் சொல்லவில்லை. பாங்க்கில் எங்களுக்கு இது பழக்கமான விஷயம். டிரயல் பாலன்ஸின் இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக டாலி ஆகியிருக்கும். ஆனாலும் ஒருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டிய தொகை இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கலாம். மொத்தம் பொருந்துவது அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. பணத்தை இழந்த மனிதர் கவுண்டருக்கு வந்து நின்றால்தான் தெரியும்.

எதையும் எதோடும் தொடுக்க முடியும் என்றால், தொடுப்பு தன்னளவில் எதற்கும் சாட்சியம் ஆகாது. அப்படியானால் எந்தத் தொடுப்பு நம்மைக் கட்டுப்படுத்தும்? எதை நாம் தட்டிக்கழிக்க முடியாது? என் கேள்வி இதுதான்.

2

சங்கிலியின் ஒரு வளையத்துக்குத் தமிழில் கண்ணி என்று பெயர். தலையில் சூடும் மாலையும் கண்ணிதான். பறவையைப் பிடிக்க வைக்கும் சுருக்கும் கண்ணிதான். அலங்காரத்துக்கும் பொறிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மொழி, தொடுப்பதன் ஆபத்தை எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மரபில் தொடுப்பதற்கென்றே ஒரு உருவம் இருக்கிறது. ஒரு பாட்டின் அந்தம் அடுத்த பாட்டின் ஆதியாகும் அந்தாதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்தது. பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார். பாடப்பட்டவன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல், பெயரிலேயே கண்ணியைச் சூடியவன். பிறகு காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி. அதற்குப் பின் நம்மாழ்வாரின் திருவாய்மொழி, 1102 பாசுரங்கள்.

அந்தாதிக்கும் நம்முடைய தகவல் சங்கிலிக்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் ஒரு சொல் கைமாறுகிறது. வேறுபாடு இரண்டு விஷயங்களில். அந்தாதியில் கைமாறும் சொல் வெறும் பிடிமானம். அதன் கீழே, அறுபடாத ஒரு மனநிலை பாட்டிலிருந்து பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. சொல் மட்டும் பொருந்தி மனநிலை அறுந்துபோன அந்தாதிகளும் நம்மிடம் ஏராளம். அவற்றை நாம் செய்யுள் என்கிறோம், கவிதை என்று சொல்வதில்லை. இன்னொன்று, அந்தாதியில் நடுவே ஒரு பாட்டு தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். ஓலையில் எழுதி, மனப்பாடத்தில் காத்து வந்த ஒரு சமூகத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. இழப்பை மறைக்க விடாத ஒரு உருவம் அது. தகவல் சங்கிலியிலோ நடுவில் எதை உருவி எறிந்தாலும் இரண்டு முனைகளையும் வேறொன்றால் முடிந்துவிடலாம். அங்கே எதுவும் தொலைவதில்லை, ஏனென்றால் எதற்கும் இடம் என்று ஒன்று இல்லை.

கொல்லிமலைக்கே சொந்தமான உதாரணம் ஒன்றும் உண்டு. பெரியகோவிலூரில் இருக்கும் அறப்பளீசுவரரை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம். இல்லறம், ஆசிரியர் இலக்கணம், சகுனம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விஷயங்களை நூறு பாட்டில் அடுக்குகிறார். எல்லாவற்றையும் கட்டிப்போடுவது பாட்டின் முடிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரே மகுடம். கவித்துவம் குறைந்த நூல் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. இந்த விஷயங்கள் ஒன்றையொன்று பெற்றெடுத்தன என்று கவிராயர் பாவனை செய்யவில்லை. ஒரு பொதுவான மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று தனக்குப் பட்டதைத் தனித்தனியாகக் கடவுள் முன் வைக்கிறார். மூட்டையை மூட்டை என்றே சொல்கிறார், சங்கிலி என்று சொல்லவில்லை.

3

கொல்லிமலை என்றதும் படித்த எவருக்கும் ஞாபகம் வருவது வல்வில் ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடியில் அரசாங்கம் விழா எடுக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் அந்த அம்பைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். யானையை வீழ்த்தி, புலியை மாய்த்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்த ஒரே அம்பு.

நம் விளையாட்டின் ஆதி உருவம் என்று இதைச் சொல்லலாம். ஐந்து மிருகங்கள். அவற்றிடையே எந்தச் சம்பந்தமும் இல்லை. அவை ஓரிக்காக வரிசையில் வந்து நிற்கவுமில்லை. அம்பு கடந்த பிறகுதான் வரிசை உண்டாகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வரிசையில் ஒரு ஸ்தூலமான பொருள் ஐந்தின் உடம்பிலும் நிஜமாகப் பாய்ந்திருக்கிறது. ‘யானை, யானை என்றால் நான்கு கால், நான்கு கால் என்றால் புலி’ என்று வன்பரணர் தொடுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியும் ஒரு காயம். புற்றுக்குள் சும்மா கிடந்த உடும்புக்கு இதில் என்ன பங்கு என்று யோசித்தால், தொடுப்பு என்பது தொடுக்கப்படுகிறவர்களைக் கேட்டு நடப்பதில்லை என்பதும் விளங்கும்.

இந்த ஓரி பள்ளிக்கூடத்தில் நமக்கு அறிமுகமானது ஒரு பட்டியலின் வழியாக. கடையெழு வள்ளல்கள்: பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. ஏழு பெயர்களையும் ஒரே மூச்சில் சொன்னால் மார்க். ஏழு பேரையும் கோத்த நூல் கொடை. காரியும் கொடுத்தான், ஓரியும் கொடுத்தான். ஆகவே இருவரும் ஒரே வரிசை. உண்மைதான். ஆனால் காரிதான் ஓரியைக் கொன்றவன். கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார் சொல்கிறார். கொடை என்ற கண்ணி எவ்வளவு அழகாகக் கொலையை மூடிவிடுகிறது என்பதைப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனின் மலையைப் பிடுங்கி மூன்றாமவனுக்குக் கொடுத்ததும் ஒருவகைக் கொடைதானே என்று கேட்கும் அளவுக்கு அது வழுக்கிக்கொண்டு போகும்.

பழியைப் புலவர் மேல் போடுவதற்கில்லை. ஏழு பேரையும் ஒருங்கே பாடிய சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், ஓரியைச் சொல்லும் இடத்திலேயே அவன் காரியோடு பொருதவன் என்பதையும் சொல்லிவிடுகிறார். இருவருடைய குதிரைகளையும் கூட அங்கே நிறுத்துகிறார். பாட்டில் இருந்த போர் பட்டியலில் உதிர்ந்தது. மனப்பாடத்துக்கு வசதியாக யாரோ ஏழு பெயர்களை மட்டும் உருவி எடுத்தபோது அது நடந்தது. இரண்டு பேரைத் தொடுக்க எத்தனையோ வழிகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவற்றை மூடுகிறோம். விளையாட்டின் விதியோ தொலைவான, வழுவழுப்பான தொடுப்புக்குத்தான் பரிசு தருகிறது. ரத்தம் படிந்த தொடுப்பு சொரசொரப்பாக இருக்கும், கையைக் கிழிக்கும். ஆகவே அது வெளியே தள்ளப்படுகிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்றைக் கபிலர் செய்திருக்கிறார். நற்றிணையின் 320ஆம் பாட்டு. திருவிழா முடிந்துவிட்டது, முழவு அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு இளம்பெண் தெருவில் நடந்து போகிறாள். ஊரே கல்லென்று ஆரவாரிக்கிறது. மனைவிமார்கள் தங்கள் கணவன்மாரைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். இந்த ஆரவாரத்துக்குக் கபிலர் சொல்லும் உவமை, ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம். பரத்தை ஒருத்தியின் நடைக்கும் ஒரு குறுநிலத் தலைவனின் சாவுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் எடப்புளி விளையாட்டில் இப்படி ஒரு தாவல் நடந்திருந்தால் கைதட்டி இருப்போம். ஆனால் கபிலரின் தாவல் எதையும் மறைக்கவில்லை. மருதத்தின் வீட்டுச் சண்டைக்குள் ஒரு தெரு முழுவதன் பீதியைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது. வீட்டுக்குள் ஒருத்தி இழக்கப்போவதும் ஒரு ராஜ்யம்தான் என்று தோன்றவைக்கிறது. இத்தனைக்கும் காரியைப் புகழ்ந்து பாடியவர்களில் கபிலரும் ஒருவர். தனக்குப் பரிசில் தந்தவன் செய்த கொலையை, சம்பந்தமே இல்லாத ஒரு அகப்பாட்டில் கொண்டுவந்து அவர் நிறுத்தியிருக்கிறார். நல்ல உவமையின் இலக்கணம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அது தொடுக்கும் இரண்டு பொருள்களில் எதுவும் தன் எடையை இழப்பதில்லை. தகவல் சங்கிலியில் இரண்டும் எடை இழந்தால்தான் தொடுப்பே நடக்கும். கம்பர் ஒரு எண்ணாகச் சுருங்க வேண்டும், ஆழ்வார் ஒரு மரமாகச் சுருங்க வேண்டும்.

4

தகவல்களைத் தொடுத்ததுபோலவே மனிதர்களையும் தொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹங்கேரிய எழுத்தாளர் ஃப்ரிஜெஷ் கரிந்தி 1929இல் எழுதிய ‘சங்கிலிகள்’ என்ற கதையில் நண்பர்கள் ஒரு பந்தயம் கட்டுகிறார்கள். பூமியில் வாழும் எவரையும், இடையே ஐந்து பேருக்கு மேல் போகாமல், அறிமுகங்களின் வழியாகவே எட்டிவிடலாம் என்று. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களில் இதைச் சோதனையாகவே செய்தார். அவரும் ஜெஃப்ரி ட்ராவர்ஸும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலுமாக 296 பேரிடமிருந்து தொடங்கி, மாசச்சூசெட்ஸில் இருந்த ஒரு பங்குத் தரகருக்குக் கடிதம் கைமாறிப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தவற்றில் இடையே நின்றவர்கள் சராசரியாக ஐந்து பேர் சொச்சம். உலகம் சிறியது என்ற கோஷம் இதிலிருந்துதான் உலகம் சுற்றியது.

ஆனால் போய்ச் சேர்ந்தவை 64. பாக்கி 232 கடிதங்கள் வழியிலேயே நின்றன. இந்த எண்கள் அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே அச்சாகியிருக்கின்றன. ஆனால் கோஷத்தில் 64இன் சராசரிதான் இருக்கிறது, 232 இல்லை. எங்கோ ஒருவர் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு மறந்தார். எங்கோ ஒருவருக்கு மேலே அனுப்ப ஆளே தெரியவில்லை. உலகம் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி யாரும் பழமொழி செய்யவில்லை. அறுந்ததைக் காட்டிக்கொடுக்கும் அந்தாதியின் குணம் இங்கே எவ்வளவு தேவைப்படுகிறது!

அறுபடுவது என்பது என்ன என்று எடப்புளி நாட்டிலேயே பார்க்கலாம். ஒரு இரவு விளையாட்டில், கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அடுத்தவர் யோசிக்கவே இல்லை. மலையாளத்தின் முதல் ஞானபீடம் 1965இல் ஜி. சங்கர குருப்புக்குக் கிடைத்தது என்று போட்டுவிட்டார். சங்கிலி கேரளத்தில் இறங்கி ஓடத் தொடங்கியது. உள்ளூர் விவசாயி மட்டும் கொஞ்சம் தாமதித்து, “அது வேற மலையாளிங்க சார். நாங்க மலையில இருக்கற ஆளுங்க, அதான் அந்தப் பேரு” என்றார். அவர் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்து மூன்று மலைகளுக்குப் பிரிந்தார்கள் என்பது அவர்களுடைய பூர்வகதை. விளையாட்டின் விதிப்படி அவருடைய ஆட்சேபம் செல்லாது. ஓசை பொருந்துகிறது, தகவல் உண்மை. ஆட்டம் மேலே போயிற்று.

விளையாட்டில் போனால் போகட்டும். ஆனால் மலையாளி என்ற இந்தப் பெயர் ஒரு அரசாங்கப் பட்டியலிலும் கோக்கப்பட்டிருக்கிறது. 1976இன் திருத்தச் சட்டத்தில் அமைந்த பழங்குடிகள் பட்டியல், தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகளைச் சேர்த்துக்கொள்கிறது. கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டம். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் அந்தக் கண்ணி அறுபடவில்லை. கோயம்புத்தூர் மாவட்டம் அந்த வரியில் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்ததுதான் இன்றைய ஈரோடு மாவட்டம். அங்கே பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கிறவர்களும் மலையாளிகளே. அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பெயர், ஒரு வாழ்க்கைமுறை. இடையே ஒரு மாவட்ட எல்லை. பையனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்குமா, கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது அந்த ஒரு வரியில் எந்த ஊரின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விளையாட்டு, இல்லாத உறவை ஒரு நொடியில் உண்டாக்கிக் கேரளம் வரை போனது. பட்டியல், இருக்கிற உறவை ஒரு மாவட்டப் பெயரால் அறுத்தது. இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கின்றன. பெயரைப் பிடித்துக்கொண்டு, பெயருக்குரியவனைக் கேட்காமல் விட்டிருக்கின்றன.

5

அப்படியானால் நம்மைக் கட்டுப்படுத்தும் தொடுப்பு எப்படி இருக்கும்? அதே மலையிலிருந்து இன்னொரு சங்கிலியைச் சொல்கிறேன். இதில் தாவல்களின் தொலைவு முதல் சங்கிலிக்குக் குறைந்ததல்ல.

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்ச்சுகீசியர்கள் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிடச் செய்து பரப்பினார். அரிசி கிடைக்காதவனுக்கு அது சோறாயிற்று. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. அந்த வெற்றிடத்தில் 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் கிளைத்தது. ஆலைகள் பெருகின. 1981இல் உற்பத்தியாளர்களுக்குச் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு சேலத்தில் ஏற்பட்டது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சமவெளியில் விளைந்தது போதாமல், சாலை போட்ட பின் கிழங்கு கொல்லிமலைக்கு ஏறியது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி நின்றது. குறைந்துகொண்டே போகும் சிறுதானிய விதைகளைக் காப்பாற்ற, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அந்த மலையில் வேலை செய்ய வேண்டியிருந்தது.

பிரேசில், திருவிதாங்கூர் ராஜா, உலகப்போர், சேலத்து ஆலை, கொல்லிமலைச் சரிவு. இந்தத் தொடுப்பில் எந்த இடத்திலும் ஓசைப் பொருத்தம் இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மூட்டையோ ஒரு பசியோ ஒரு விலையோ கைமாறியிருக்கிறது. வன்பரணரின் அம்பைப்போல ஏதோ ஒன்று எல்லாவற்றுக்குள்ளும் பாய்ந்து வந்திருக்கிறது. நடுவில் ஒன்றை உருவி எறிந்தால் அடுத்தது விழுந்துவிடும். முக்கியமாக, இந்தச் சங்கிலியின் முனையில் ஒரு மனிதன் நிற்கிறான். சாமையை அப்படியே வேகவைத்துத் தின்னலாம். ஆலைக்கென்று விளைந்த கிழங்கை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும். விலை இறங்கும் வருஷத்தில் கடன் மனுவோடு அவன் என் போன்ற ஒருவனின் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருவான். அந்தச் சங்கிலி தெரிந்தவனாக இருந்தால், மனுவில் ‘பயிர்’ என்ற கட்டத்தில் மரவள்ளி என்று எழுதும்போது என்ன எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். முதல் சங்கிலி தெரிந்திருப்பதால் என் பேனாவுக்கு எந்தப் பாரமும் கூடுவதில்லை.

தமிழில் பிணை என்று ஒரு சொல் உண்டு. பிணைப்பது தொடுப்பது. பிணை நிற்பது ஜாமீன் நிற்பது. பாங்க்கில் ஜாமீன்தாரர் கையெழுத்துப் போடும்போது, கடன் வாங்கியவன் தவறினால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். இரண்டு பெயர்கள் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே பிணை ஆகிவிடுவதில்லை. ஒருவருடைய சுமை இன்னொருவர் மேல் விழக்கூடும் என்பதால்தான் அது பிணை. கண்ணி போடுவது எவருக்கும் சாத்தியம். அதற்கு யார் பிணை நிற்பது என்று கேட்கும்போதுதான் தொடுப்பது ஒழுக்கம் சார்ந்த காரியமாகிறது. கபிலரின் உவமைக்குக் கபிலர் பிணை நிற்கிறார். தன் வள்ளலின் முகத்துக்கு எதிரேயே நிற்கிறார். ஏழு பெயர்ப் பட்டியலுக்கு நிற்க ஆளில்லை.

விளையாட்டை விளையாட்டாக விட்டுவிடக் கூடாதா என்ற ஆட்சேபத்துக்கு இடம் உண்டு. 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள், முன்னவர் எழுதியதைப் பார்க்காமல் மடித்த தாளில் ஆளுக்கொரு சொல்லாக எழுதி வாக்கியம் செய்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே தொடுப்பு தற்செயல் என்று முன்கூட்டியே பறைசாற்றப்பட்டுவிட்டது. தற்செயல் அறிவின் வேஷம் போட்டு வரும்போதுதான் சிக்கல். எங்கள் எடப்புளி ஆட்டம் முடிந்து படுக்கப் போகும்போது, இன்று நிறையத் தெரிந்துகொண்டோம் என்ற திருப்தி எல்லோர் முகத்திலும் இருந்தது. விளையாட்டின் வேஷம் அந்தத் திருப்திதான்.

இப்போது நம் கதைக்கு வரலாம். மௌனியைத் திருமூலரோடு சேர்த்துச் சொன்னவர் புதுமைப்பித்தன். அது ஒரு துணிச்சலான தொடுப்பு. சொன்னவர் சிறுகதையில் தன் முழு வாழ்க்கையையும் பந்தயம் வைத்தவர். மௌனி எழுத்தின் இறுக்கத்தையும் மறைபொருளையும் தன் சொந்த எழுத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதாக உணர்ந்தும் அங்கீகரித்தவர். பிணை நிற்க அவருக்குத் தகுதி இருந்தது. அதற்குப் பின் அந்தத் தொடுப்பைத் திருப்பிச் சொன்னவர்களில் திருமந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர், மௌனியின் கதைகளைத்தான் இரண்டாம் முறை படித்தவர்கள் எத்தனை பேர்? பிறகு மௌனிக்குப் பக்கத்தில் காஃப்காவை நிறுத்தினோம். காஃப்காவுக்குப் பக்கத்தில் காம்யு. காம்யு என்றால் அந்நியமாதல். அந்நியமாதல் என்றால் நம் நண்பர் ஒருவரின் சென்ற மாதத்துக் கதை. ஏழு கண்ணிகளில் காரவள்ளியிலிருந்து கிளம்பிக் கொல்லிமலைக்கே வந்து சேர்ந்தாயிற்று. எல்லாப் பெயர்களும் உண்மை. எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நண்பருக்கும் சந்தோஷம்.

இதில் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், அந்த நண்பருக்குத்தான். அவர் கதையில் அவருக்கு மட்டுமே உரிய, சொரசொரப்பான ஒரு வாக்கியம் எங்கேயாவது இருந்திருக்கலாம். காம்யுவோடு தொடுக்கப்பட்ட மறுகணம் அதைப் பார்க்கும் அவசியம் நமக்கு இல்லாமல் போகிறது. “அது வேற மலையாளிங்க சார்” என்று ஒரு குரல் கதைக்குள்ளிருந்து தாமதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் மேலே போய்விடுகிறது. அவருக்கு முன்னால் இந்த மொழியில் அதே சங்கடத்தோடு மல்லுக்கு நின்று தோற்றுப்போன எழுத்தாளர் யாரோ, அவரோடு உள்ள நிஜமான உறவும் மூடப்பட்டுவிடுகிறது. அந்த உறவைத் தேடுவதற்குப் பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தூசி தட்ட வேண்டும். காம்யுவைச் சொல்ல எந்தத் தூசியும் தட்ட வேண்டியதில்லை.

ஒப்பிடுவதை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்பீடு இல்லாமல் விமர்சனம் இல்லை, உவமை இல்லாமல் கவிதையும் இல்லை. ஆனால் இரண்டு பெயர்களைத் தொடுக்கும்போது, தொடுப்பவர் மூன்று கேள்விகளுக்காவது பதில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்தது என்ன? இந்தத் தொடுப்பு எந்தத் தொடுப்பை மூடுகிறது? இது பொய்த்தால் எதை இழக்க நான் தயார்? மூன்றாவது கேள்விக்கு ஒன்றுமில்லை என்பதுதான் பதிலென்றால், அவர் ஆடுவது எடப்புளி நாட்டில் மின்சாரம் போன இரவுகளில் நாங்கள் ஆடிய ஆட்டம்தான். அதற்கு அச்சுக்கூலி கொடுத்து ஒரு சிறுபத்திரிகை நடத்த வேண்டிய அவசியமில்லை.